ஓரறிவு முதல் ஐயறிவு வரை: லால்பாக் தோட்டத்து உயிர்கள்

பெங்களூருக்குப் பிழைக்க வந்த தமிழர்களில் லால்பாக் பார்க்காதவர் எவரும் இருக்க முடியாது. ஊரிலிருந்து மாமனார், மாமியார், சித்தப்பா என்று யார் வந்தாலும் முதலில் கூட்டிப் போவது அங்கேதான். கண்ணாடி மாளிகை முன்னால் ஒரு போட்டோ, பாறைமேல் ஏறி ஒரு போட்டோ, வாசலில் கொஞ்சம் கடலை, அப்புறம் வீடு. குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் நடக்கும் மலர்க் கண்காட்சி என்றால் கூட்டம் தாங்காது. ஆனால் அங்கே குடியிருக்கும் உயிர்களை யாராவது பார்த்தோமா என்றால், பெரும்பாலும் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

நான் தானியக் கடைக்காரன். படிப்பு என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் கிடையாது. கடை திறப்பதற்கு முன் காலையில் நடப்பதும், மத்தியானம் வியாபாரம் மந்தமாக இருக்கும்போது புத்தகம் பார்ப்பதும்தான் என் கல்லூரி. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தத் தோட்டத்தில் நடந்து, படித்து, கேட்டுத் தெரிந்துகொண்டதை மலர் வாசிக்கும் குடும்பங்களுக்குச் சுருக்கமாக எழுதுகிறேன். பிள்ளைகளுக்குப் பயன்பட்டால் மகிழ்ச்சி.

தோட்டம் வந்த வழி

ஹைதர் அலி 1760இல் இதைத் தொடங்கினார். அப்போது சுமார் 40 ஏக்கர். திப்பு சுல்தான் வெளிநாடுகளிலிருந்து செடி, விதை தருவித்து வளர்த்தார். 1856இல் இது அரசுத் தாவரவியல் தோட்டம் ஆயிற்று. கண்ணாடி மாளிகைக்கு 1889இல் அடிக்கல் நாட்டினார்கள். அப்போது தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜான் கேமரான். 1908இல் ஜெர்மானியரான க்ரும்பீகல் வந்தார். ஒரு மரம் பூத்து ஓய்ந்தால் அடுத்தது பூக்க வேண்டும், வருஷம் முழுக்க நகரில் ஏதாவது ஒரு மரம் பூத்தபடி இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டு மரம் நட வைத்தவர் அவர். பெங்களூர்த் தெருக்களில் மாதத்துக்கு ஒரு நிறம் தெரிவது தற்செயல் இல்லை. இன்று தோட்டம் 240 ஏக்கர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாவர வகைகள் இருக்கின்றன.

இவ்வளவும் மனிதர் கதை. இனி உயிர்களின் கதைக்கு வருவோம்.

ஏன் இந்த வரிசை?

உயிர்களை அறிவின்படி அடுக்கும் முறை நம்மிடம் மிகப் பழமையானது. தொல்காப்பிய மரபியல், தொடுவதை மட்டும் அறியும் உயிர் ஓரறிவு என்று தொடங்கி, நாவு, மூக்கு, கண், செவி என்று ஒவ்வொன்றாகக் கூட்டி, மனம் உடையது ஆறறிவு என்று முடிக்கிறது. சமண நூலான தத்துவார்த்த சூத்திரமும் புழு, எறும்பு, வண்டு, மனிதன் என்று ஒவ்வொரு புலனாகக் கூட்டிச் சொல்கிறது. தொல்காப்பியர் சமணரா என்ற வழக்கு புலவர்களிடம் உண்டு. அதற்குள் இப்போது போக வேண்டாம். இரண்டும் ஒரே படிக்கட்டு என்பது நமக்குப் போதும்.

இன்றைய விலங்கியல் இதை அப்படியே ஏற்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எறும்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் கண் உண்டு. நத்தைக்கும் கொம்பு நுனியில் கண் உண்டு. ஆகையால் இதை விஞ்ஞான வகைப்பாடாக எடுத்துக்கொள்ளாமல், தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க ஒரு வழித்துணையாக வைத்துக்கொள்ளலாம். பெரிய மிருகத்தையும் அழகான பறவையையும் மட்டும் தேடும் நம் கண்ணை, இது கீழ்ப்படியிலிருந்து பார்க்கப் பழக்குகிறது.

ஓரறிவு: பாறையும் மரமும்

சமணக் கணக்கில் மண்ணும் நீருமே ஓரறிவு உயிர்கள். என் பேரன், "தாத்தா, அப்ப இந்தப் பாறைக்கும் உயிர் இருக்கா?" என்று கேட்டான். "பாறைக்கு இருக்கா இல்லையான்னு அப்புறம் பேசலாம், பாறை மேல இருக்கற உயிரைப் பாரு" என்று காட்டினேன். லால்பாக் பாறை தீபகற்ப நைஸ் என்னும் வகை. சுமார் 300 கோடி ஆண்டு வயது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. கெம்பேகௌடர் பெயரால் வழங்கும் கோபுரம் ஒன்று இதன்மேல்தான் நிற்கிறது. பாறையில் சாம்பலும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகப் படிந்திருப்பது அழுக்கு அல்ல, உயிர். பூஞ்சையும் பாசியும் கூட்டுக் குடித்தனம் செய்யும் உயிர் அது. பாசி வெயிலில் சமைக்கிறது, பூஞ்சை வீடு தருகிறது. பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணாக்கும் வேலையில் இதற்கும் பங்கு உண்டு. செருப்புக் காலால் தேய்த்தால் போச்சு, திரும்ப வளரப் பல வருஷம் ஆகும்.

நம் ஊர்க்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டிய இன்னொன்று அங்கே இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையிலிருந்து கொண்டுவந்த கல்மரம். சுமார் 2 கோடி ஆண்டுக்கு முன் மண்ணில் புதைந்த மரம், அணு அணுவாகக் கல்லாக மாறியது. எங்கள் மேல்சித்தாமூர் மடம் இருப்பதும் அதே மாவட்டத்தில்தான். பெங்களூருக்குப் பிழைக்க வந்தவர்களில் வயதில் மூத்தவர் இவர்தான் என்று வேடிக்கையாகச் சொல்வேன்.

மரங்களிலும் பாதிக் கூட்டம் வெளியூர். தூங்குமூஞ்சி மரமும் நாகலிங்கமும் ஜகரண்டாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. குல்மோஹர் மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. நாம் பெங்களூர் கத்திரிக்காய் என்று கூட்டு வைக்கும் சௌசௌவே மெக்சிகோ பக்கத்துக் கொடி. தமிழில் இயற்கை பற்றி எழுதிய முன்னோடி மா. கிருஷ்ணன் (1912-1996), வெளிநாட்டு அலங்கார மரங்களை நம் ஊர்களில் நடுவதைக் கடுமையாக எதிர்த்தார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. அழகான வெளிநாட்டு மரம் நிழல் தரும், ஆனால் அதன் இலையைத் தின்னத் தெரிந்த பூச்சி இங்கே குறைவு. பூச்சி இல்லாவிட்டால் குருவியும் இல்லை.

இதை விளங்கிக்கொள்ள ஓர் அத்தி மரத்தடியில் பத்து நிமிஷம் நின்றால் போதும். ஆல், அரசு, அத்தி எல்லாம் ஒரே குலம். இவற்றின் பூ வெளியே தெரியாது, காய்க்குள்ளேயே இருக்கும். காயின் நுனியில் உள்ள சிறு துளை வழியாக ஒரு குட்டிக் குளவி நுழைகிறது. நுழையும்போதே சிறகு முறிந்துவிடும். உள்ளே மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே சாகிறது. அதன் பிள்ளைகள் பிறந்து, மகரந்தம் சுமந்து அடுத்த மரத்துக்குப் பறக்கின்றன. அந்த இனக் குளவி இல்லையென்றால் அந்த இன அத்திக்கு விதை இல்லை. சமண இல்லறத்தார் ஆல், அரசு, அத்தி முதலான ஐந்து பழங்களை உண்ணக்கூடாது என்ற விதி, உள்ளே உயிர் இருக்கிறது என்பதால்தான் வந்தது. அத்திப்பழத்தைப் பிட்டால் பூச்சி என்று ஊர்ப்பக்கம் பேச்சும் உண்டு. பூதக்கண்ணாடி இல்லாத காலத்தில் பெரியவர்கள் எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார்கள்!

இந்தக் குலத்து மரங்கள் எல்லாம் ஒரே மாதத்தில் பழுப்பதில்லை. ஒன்று முடிய இன்னொன்று பழுக்கும். மற்ற மரங்களில் பழம் இல்லாத காலத்திலும் குக்குறுவானுக்கும் குயிலுக்கும் வௌவாலுக்கும் சோறு போடுவது இவைதான்.

ஈரறிவு: மண்புழுவும் நத்தையும்

மழை பெய்த மறுநாள் புல்தரையில் சின்னச் சின்ன மண் உருண்டைகள் தெரியும். மண்புழு வெளியே தள்ளியவை அவை. சார்லஸ் டார்வின் கடைசியாக எழுதிய நூல், 1881இல் வந்தது, மண்புழுவைப் பற்றியதுதான். உலகத்தையே புரட்டிப்போட்ட மனுஷன் கடைசியில் புழுவிடம் வந்து நின்றார். காய்ந்த இலையைப் புழு உள்ளே இழுத்துத் தின்று மண்ணாக்குகிறது. அது போடும் துளை வழியாக மழைநீர் இறங்குகிறது. சருகைக் கூட்டிக் கொளுத்தினால் புழுவுக்குப் பட்டினி, மரத்துக்கும் பட்டினி.

நத்தையில் ஒரு சங்கடம் இருக்கிறது. கை அளவு பெரிதாக, மழைக்காலத்தில் பெங்களூர்த் தோட்டங்களில் ஊர்வது ஆப்பிரிக்க ராட்சச நத்தை. 1847இல் ஓர் ஆங்கிலேயர் கல்கத்தாவில் கொண்டுவந்து விட்டது, நாடெல்லாம் பரவிவிட்டது. செடிகளை மேய்ந்துவிடும். கொல்வது எங்கள் விரதத்துக்கு ஆகாது. ஆனால் ஓர் உயிரை அதன் இடத்திலிருந்து பெயர்த்து வேறிடத்தில் விடுவதே எத்தனை உயிர்களுக்குக் கேடாகிறது என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம். வளர்ப்பு மீனையும் ஆமையையும் "பாவம், பிழைச்சுப் போகட்டும்" என்று ஏரியில் விடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மூவறிவு: கறையானும் எறும்பும்

புற்று என்றால் நமக்குப் பாம்பு, மஞ்சள், குங்குமம். கட்டுகிறவர் கறையான். வேலைக்காரக் கறையானுக்குப் பெரும்பாலும் கண் கிடையாது, வாசனையில்தான் எல்லாம் நடக்கிறது. புற்றுக்குள் காளான் தோட்டம் போட்டு விவசாயம் செய்கிறது. பட்ட மரத்தைத் தின்று மண்ணாக்குகிறது. முதல் மழைக்குப் பின் ஈசலாகப் புறப்படும் நாள் தோட்டத்துக்கே கல்யாணச் சாப்பாடு. மைனா, காகம், பருந்து, ஓணான், தவளை எல்லாம் பந்தியில் உட்காரும்.

மாமரத்தில் இலைகளை ஒட்டிப் பந்துபோல் கூடு தெரிந்தால் அது முசிறு எறும்பு. இலைகளை ஒருசேர இழுத்துப் பிடிக்கும் கூட்டம் ஒன்று, தன் புழுக்களை வாயில் பிடித்து அவை விடும் பட்டு நூலால் தைக்கும் கூட்டம் ஒன்று. ஆரணிப் பட்டு நெய்வோர் பார்த்தாலும் வியப்பார்கள்.

நாலறிவு: தும்பியும் தேனீயும்

ஏரிக்கரையில் தட்டான்கள் பறக்கும். தட்டானின் பிள்ளைப் பருவம் தண்ணீருக்குள். அங்கே அது கொசுப்புழுவைத் தின்று வளர்கிறது. மழை முடிந்ததும் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தட்டான் ஒன்று உண்டு. இந்த இனம் மாலத்தீவு வழியாக இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒரு கிராம் எடைகூட இல்லாத உயிர்! அது பிறக்கத் தேவை மருந்து தெளிக்காத கொஞ்சம் தண்ணீர்.

உயர்ந்த கிளைகளில் பாய்போல் தொங்குவது மலைத்தேனீயின் அடை. பூ இருக்கும் காலத்தில் வரும், முடிந்ததும் தானே கிளம்பிவிடும். கல் எறியாமல் இருந்தால் போதும். நாம் தேன் உண்பதில்லை. ஆனால் மற்றவர்கள் சாப்பிடும் காயிலும் பழத்திலும் பெரும்பகுதி தேனீயின் உழைப்பு என்பதை எல்லோரும் அறிய வேண்டும்.

ஐயறிவு: ஓணான், பறவை, அணில், வௌவால்

வெயில் ஏறினால் பாறைமேல் பாறை ஓணான் வரும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணான் முதுகில் சிவப்பும் பக்கத்தில் கறுப்புமாக மாறி, தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டும். கீரி, சாரைப்பாம்பு, அணில், குரங்கு எல்லாம் உண்டு.

பறவை பார்ப்பவர்கள் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை இங்கே கூடுவது பல பத்தாண்டு வழக்கம். ஏரியில் கூழைக்கடா, நீர்க்காகம், மடையான், நீலத் தாழைக்கோழி, மீன்கொத்தி. மரங்களில் கிளி, மாங்குயில், புள்ளி ஆந்தை. குளிர்காலத்தில் இமயத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வரும் சின்னக் கதிர்குருவியும் வாலாட்டியும். நாம் தீபாவளிக்கு ஊருக்குப் போகிற சமயத்தில் அவை இங்கே வந்து சேர்கின்றன.

"டொக், டொக்" என்று செம்பு தட்டும் ஓசை கேட்டால் அது செம்மார்புக் குக்குறுவான். பட்டுப்போன கிளையில் பொந்து குடைந்து குஞ்சு பொரிக்கும். அது விட்டுப்போன பொந்தில் வேறு உயிர் குடியேறும். பெரிய பொந்துகளில் கிளி, மைனா, ஆந்தை. ஆகவே பட்ட மரம் என்பது காலி வீடு அல்ல, வாடகை இல்லாத சத்திரம். நடைபாதை ஓரத்தில் தலையில் விழும் கிளையை வெட்டத்தான் வேண்டும். ஆள் போகாத மூலையிலும் வெட்ட வேண்டுமா என்று கேட்கலாம்.

லால்பாகின் பெரிய இலவ மரம் எல்லோரும் படம் பிடிக்கிற ஒன்று. மதில்போல் விரிந்த வேர் தெரியும். அதன் பூ இரவில் விரிவது பலருக்குத் தெரியாது. இருட்டில் வந்து தேன் குடித்து மகரந்தம் சேர்ப்பது வௌவால். ஓரறிவு உயிர் ஐயறிவு உயிரைத் தாங்குகிறது என்றோம். இங்கே ஐயறிவு உயிர் ஓரறிவு உயிருக்குப் பிள்ளை வரம் தருகிறது. படிக்கட்டு கீழிருந்து மேலே மட்டும் போகவில்லை.

கைநிறையத் தானியம்

இனிச் சொல்லப்போவது என் வியாபாரத்துக்கு நல்லதல்ல. புறாவுக்குப் போட என்று சோளமும் கம்பும் மூட்டையாக வாங்குகிறவர்கள் என் கடைக்கு வருகிறார்கள். "நயினாரே, புறாவுக்குப் போட்டா புண்ணியம்தானே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நல்ல மனசோடு கேட்டார், ஆகவே யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

மாடப்புறா இயல்பில் பாறை இடுக்கில் வாழ்கிற பறவை. நம் அடுக்குமாடிகள் அதற்குப் பாறைகள். வருஷம் முழுக்கத் தீனி கிடைத்தால் வருஷம் முழுக்கக் குஞ்சு பொரிக்கும். 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, பல பறவைகள் குறைந்துவர, பெருகிவரும் சிலவற்றில் மாடப்புறாவைக் காட்டுகிறது. காய்ந்த எச்சத்தின் தூசு நாள்பட மூச்சில் போனால் நுரையீரல் அழற்சி வரும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். 2025இல் மும்பையில் புறாத் தீனி இடங்களை மாநகராட்சி மூடியபோது சமண சமூகத்தாரிடமிருந்து பெரிய எதிர்ப்பு எழுந்ததைப் படித்திருப்பீர்கள். அவர்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் சாஸ்திரத்தையும் பார்க்க வேண்டும்.

சமந்தபத்திரர் இயற்றிய ரத்தினகரண்டக சிராவகாசாரம் இல்லறத்தாருக்கான நூல். அதைத் தழுவித் தமிழில் எழுந்தது அருங்கலச்செப்பு. பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்கும் விரதம் ஒன்று அங்கே வருகிறது. காரணமின்றி மண்ணைத் தோண்டுவது, நீரைக் கொட்டுவது, நெருப்பு மூட்டுவது, செடியை ஒடிப்பது எல்லாம் அதில் அடங்கும். சருகு கொளுத்துவது, ஏரியில் பொரி கொட்டுவது, இரண்டையும் இந்தக் கண்ணால் பாருங்கள். மீன் தின்று மிஞ்சிய பொரி அழுகுகிறது. அழுகல் தண்ணீரில் உள்ள பிராணவாயுவைக் குடிக்கிறது. மூச்சு முட்டுவது மீனுக்குத்தான். குரங்குக்கு பிஸ்கெட் கொடுத்தால் நாளைக்கு அது குழந்தை கையைப் பிடுங்கும். அப்புறம் கூண்டு வைத்துப் பிடிக்கச் சொல்வதும் நாமே.

நான் அந்தப் பெரியவரிடம் சொன்னது இதுதான். "ஐயா, சோறு போடறது தானம். ஆனா வீட்டை இடிச்சுட்டு வாசல்ல சோறு போட்டா அது என்ன தானம்? ஒரு அத்திக் கன்னு நடுங்க. நம்ம காலத்துக்கு அப்புறமும் அது சோறு போடும்." அவர் அன்றும் கம்பு வாங்கிக்கொண்டுதான் போனார். சில மாதம் கழித்து, எந்த இடத்தில் அத்தி நடலாம் என்று கேட்டு வந்தார். வீட்டுச் சுவர் ஓரத்தில் மட்டும் வேண்டாம், வேர் சுவரைப் பிளக்கும் என்று சொல்லி, காலி இடம் உள்ள ஒரு கோவில் தோப்பைக் காட்டினேன்.

நாம் செய்யக்கூடியது

லால்பாகையும் கப்பன் பார்க்கையும் காக்க 1975இலேயே கர்நாடகம் தனிச் சட்டம் இயற்றியது. இருந்தும் 2025இல் சுரங்கச் சாலைக்காகத் தோட்டத்தின் ஓர் ஓரத்தை எடுக்கும் பேச்சு எழுந்தபோது, ஊர்மக்கள் தெருவில் இறங்கிக் கேட்க வேண்டியிருந்தது. சட்டம் வேலி மாதிரி. வேலிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவன்தான் வேலி அறுந்தால் கத்துவான். ஒரு மூலைதானே, நாலு மரம்தானே என்பவர்களுக்கு அந்த மூலையில் குடியிருக்கும் கணக்கைச் சொல்லத் தெரிய வேண்டும்.

ஆகவே ஒரு யோசனை. அடுத்த ஞாயிறு பிள்ளைகளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். பக்கத்தை ஐந்தாகக் கோடு போட்டு ஓரறிவு முதல் ஐயறிவு வரை தலைப்பு எழுதச் சொல்லுங்கள். லால்பாகுக்கே போக வேண்டும் என்பதில்லை, தெருக்கோடிப் பூங்காவும் போதும். பார்த்ததைத் தமிழில் எழுதட்டும். பெயர் தெரியாவிட்டால் படம் போடட்டும், வீட்டுப் பாட்டி பெயர் சொல்வார். கறையான், முசிறு, மடையான், குக்குறுவான் என்ற சொற்களெல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகள் வாயிலிருந்து போய்க்கொண்டிருக்கின்றன. உயிரும் பிழைக்கட்டும், சொல்லும் பிழைக்கட்டும்.

கடைசி இரண்டு பத்தி நிரம்ப நாள் ஆகாது, கிளியும் அணிலும் உடனே வந்துவிடும். முதல் மூன்று பத்திக்குத்தான் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். அந்தப் பத்திகள் காலியாகவே இருந்தால், சருகை யார் கொளுத்துகிறார்கள், மருந்தை யார் தெளிக்கிறார்கள் என்று பூங்காக்காரரிடம் மரியாதையாகப் போய்க் கேளுங்கள்.